கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாஸ்!

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் இட்லியைக்கூட அழகா படம் எடுக்கறது எப்படினு பார்த்தோம். (யாரோட இட்லியும் அழகானதா இதுவரை தகவல் இல்லை.) இந்த வாரம் கடலுக்குப் போறோம். ஒரு கலங்கரை விளக்கம், பாறையில மோதிச் சிதறுற அலை, கையில ஒரு டெலி லென்ஸ். கேலண்டர்லயும் வால்பேப்பர்லயும் பார்த்துப் பார்த்து ஏங்குவோமே, அந்த மாதிரி படம்!

ஆனா, லென்ஸைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி என் வலது முழங்கால்ல இருக்கற ஏழு தையலைப் பத்திப் பேசியாகணும்.

ஏழு தையல்... ஒரு ஃப்ளாஷ்பேக்

செகண்ட் இயர், ஆடி மாசம். நாங்க நாலு பேர் முட்டத்துக்குக் கிளம்பினோம். உங்க அம்மாகிட்ட 'முட்டம்'னு சொல்லிப் பாருங்க... 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த ஊரானு கேப்பாங்க. 1981-ல வந்த படம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர கிராமம். குன்று குன்றா பாறை, மேல கலங்கரை விளக்கம், கீழ கடல். ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிற சீஸன்ல அங்க அலை சும்மா அடிக்காது, எகிறும்.

கேமரா வாடகைக்கு எடுத்தது. கூடவே ஓசியா வர்ற 18-55 லென்ஸ். மேல நின்னு பார்த்தா, கலங்கரை விளக்கம் தீக்குச்சி மாதிரி தெரியுது. அலை, மெஸ் மோர்ல மிதக்கிற நுரை மாதிரி தெரியுது. 'இதுக்காடா விடிகாலை பஸ் புடிச்சு வந்தோம்?'னு ஆயிடுச்சு. உடனே நம்ம இன்ஜினீயரிங் மூளை ஒரு தீர்வு சொன்னது: 'சின்னதா தெரியுதா? பக்கத்துல போ!'

போனேன். கீழ ஒரு கறுப்புப் பாறை. அது ஏன் கறுப்பா இருக்கு, பக்கத்துப் பாறை ஏன் வெளுத்து இருக்குனு யோசிக்கல. முதல் அலை பாதத்தைத் தொட்டுச்சு. ரெண்டாவது அலை எட்டவே இல்லை. மூணாவது, நாலாவது அலையைப் படம் எடுத்துட்டு, திரும்பி நின்னு ஸ்க்ரீன்ல பார்த்துக்கிட்டு இருந்தேன். அஞ்சாவது அலையை நான் பார்க்கவே இல்லை. மேல கரையில வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் கத்தினது மட்டும் கேட்டுச்சு.

"லேய் மக்கா! மேல ஏறி வாலே!"

அடுத்த ஞாபகம், என் ஃப்ரெண்ட் என் சட்டைக் காலரைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்ததுதான். முழங்கால் கிழிஞ்சிருந்தது. கேமரா கழுத்துல தொங்கிட்டு இருந்தது, உள்ள உப்புத் தண்ணியோட.

அந்தப் பெரியவர்தான் குடத்துல நல்ல தண்ணி கொண்டு வந்து காலைக் கழுவி விட்டார். திட்டவே இல்லை. ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "காஞ்ச பாறை ஒனக்கு உள்ளது மக்கா. நனஞ்ச பாறை கடலுக்கு உள்ளது."

கேமராவுக்குக் கட்டின டெபாசிட் எட்டாயிரமும் போச்சு. நாலு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். மூணு மாசம் பரோட்டா பக்கமே போகலை.

டெலி லென்ஸ் எதுக்கு?

காலேஜ் திறந்ததும் போட்டோகிராபி கிளப் சீனியர் அக்கா என் காலையும் என் மூஞ்சியையும் பார்த்துட்டு, தன்னோட 70-300 லென்ஸை எடுத்துக் கையில கொடுத்தாங்க. "தூரத்துல இருக்கறதைப் பக்கத்துல கொண்டு வர்ற லென்ஸ்தானே அக்கா?"ன்னேன். "இல்லடா, இது நீ தள்ளிப் போறதுக்கு"ன்னாங்க.

அன்னிக்கு அது பன்ச் டயலாக்னு நினைச்சேன். அப்புறம் நோட்டுல கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் புரிஞ்சது. நீங்களும் போடுங்க, ரெண்டே நிமிஷம். (ஆர்ட்ஸ் காலேஜ் நண்பர்களே, ஓடாதீங்க. இது வெறும் வகுத்தல்தான்!)

ஒரு கலங்கரை விளக்கம், உயரம் 10 மீட்டர். அதுக்கு 100 மீட்டர் பின்னாடி கடல்ல ஒரு அலை எழும்புது, அதுவும் 10 மீட்டர். ரெண்டும் ஒரே உயரம். ஆனா நம்ம கண்ணுக்கு எவ்வளவு பெருசா தெரியும்? உயரத்தைத் தூரத்தால வகுங்க.

நீங்க கலங்கரை விளக்கத்துல இருந்து 50 மீட்டர்ல நின்னா: விளக்கம் 10/50, அதாவது 0.2. அலை 10/150, அதாவது சுமார் 0.067. அலை, விளக்கத்துல மூணுல ஒரு பங்குதான் தெரியும். சப்பை!

இப்ப 500 மீட்டர் தள்ளிப் போங்க: விளக்கம் 10/500, அதாவது 0.02. அலை 10/600, சுமார் 0.017. ரெண்டும் கிட்டத்தட்ட சமம்! விளக்கத்தோட தோள் மேல அலை எட்டிப் பார்க்குது!

கவனிச்சீங்களா? இந்தக் கணக்குல லென்ஸே வரலை. அலையைப் பெருசாக்கினது லென்ஸ் இல்லை, நீங்க நின்ன இடம். 500 மீட்டர்ல இருந்து 50 மி.மீ. லென்ஸ்ல எடுத்தா, அந்த விளக்கம் கேமரா சென்ஸார் மேல ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் விழும். 300 மி.மீ. போட்டா ஆறு மில்லிமீட்டர். நம்ம பட்ஜெட் டி.எஸ்.எல்.ஆர். சென்ஸாரோட உயரம் சுமார் 15 மி.மீ. ஃப்ரேம்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மி. கச்சிதம்! தள்ளி நின்னதால சுருங்கிப் போனதை மறுபடி பெருசாக்கித் தர்றதுதான் டெலி லென்ஸோட வேலை.

அலை விளக்கத்துக்கு முன்னாடி, அடிப்பாறையில மோதினா? முட்டம் அப்படித்தான். அப்பவும் தள்ளி நின்னா, விளக்கமும் அலையும் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி வந்த மாதிரி தெரியும். பக்கத்துல நின்னா அலை மட்டும் மூஞ்சி முன்னாடி பெருசா தெரியும், விளக்கம் பின்னாடி எங்கயோ ஓடிப் போயிடும். ஆக, ரெண்டு கேஸ்லயும் பதில் ஒண்ணுதான். தள்ளிப் போங்க!

இன்னொரு ரகசியம். வேல்ஸ் நாட்டு போர்த்காலில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கு. புயல் வந்தா போட்டோகிராபர்கள் கூட்டமா கிளம்பிடுவாங்க. அலை அதை அப்படியே முழுங்கற மாதிரி படங்கள் வரும். பார்த்தா உடம்பு சிலிர்க்கும். 1860-ல கட்டின அந்த விளக்கத்தோட உயரம் சுமார் 9 மீட்டர்தான். நம்ம மூணு மாடி ஹாஸ்டல் அளவு! அலை பெருசுதான், ஆனா படம் பார்க்கறவங்க மனசுல விளக்கம் பத்து மாடி உயரமா இருக்கு பாருங்க... மீதி வேலையை அது பார்த்துக்கும்.

செட்டிங்ஸ் சொல்லு தலைவா!

சொல்றேன். நோட்ஸ் எடுத்துக்கங்க.

* ஷட்டர் ஸ்பீடு 1/1000 செகண்டுக்குக் குறையக் கூடாது. 1/1600 வெச்சா தெறிக்கிற ஒவ்வொரு துளியும் தனித்தனியா நிக்கும். 300 மி.மீ.ல கை லேசா ஆடினாலே படம் பூகம்பம்தான், அதுக்கும் இதுவே மருந்து.

* ஆட்டோ ஃபோகஸ் நுரையைத் துரத்திக்கிட்டு ஓடும். கலங்கரை விளக்கத்துல ஃபோகஸ் பண்ணிட்டு, லென்ஸை மேனுவலுக்கு மாத்திடுங்க. எஃப் 8 வெச்சு 500 மீட்டர்ல நின்னா விளக்கமும் தெளிவா வரும், அலையும் தெளிவா வரும்.

* ஃப்ரேம் முழுக்க நுரைனா கேமரா ஏமாந்துடும். அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் ஜாஸ்தினு நினைச்சு, படத்தை அழுக்கு வேட்டி கலருக்குக் கொண்டு வந்துடும். எக்ஸ்போஷரை முக்கால்ல இருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் ஏத்துங்க. ஏத்தினதும் நுரையோட டீடெயில் போயிடுச்சானு ஸ்க்ரீன்ல பாருங்க. (திரும்பி நின்னு பார்க்காதீங்க. நான் பார்த்து ஏழு தையல்!)

* மதியம் போகாதீங்க. சூடான மணல் மேல காத்து, தோசைக்கல்லு மேல நெளியற மாதிரி நெளியும். அரை கிலோமீட்டர் தூரம் அந்தக் காத்து வழியா எடுத்தா விளக்கமும் நெளியும். எவ்வளவு விலை லென்ஸா இருந்தாலும் இதுதான் கதி. காலையில போங்க, இல்லைனா மழை விட்ட உடனே போங்க.

* சூரியன் மறையறதோட சேர்த்து எடுக்க ஆசைப்பட்டா, டி.எஸ்.எல்.ஆர். வ்யூஃபைண்டர் வழியா சூரியனை நேரா பார்க்கவே கூடாது. டெலி லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. சின்ன வயசுல பூதக்கண்ணாடியால காகிதத்தை எரிச்சோமே, அந்தக் காகிதத்தோட இடத்துல உங்க கண்ணு இருக்கும். ஸ்க்ரீன்ல பார்த்து எடுங்க.

* கடற்கரையில லென்ஸ் மாத்தாதீங்க. ரூமுக்கு வந்ததும் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால கேமராவைத் துடைங்க. காஞ்ச துணியால உப்பைத் தேய்ச்சா கண்ணாடி கீறிடும்.

செல்போன்தான் இருக்கா? பின்னாடி தனியா டெலி லென்ஸ் இருக்கற மாடலா பாருங்க. மூணு மடங்கு, அஞ்சு மடங்குனு போட்டிருக்கும். அதுவரைக்கும் நிஜ ஜூம். அதுக்கு மேல விரலால இழுக்கறதெல்லாம் படத்தை வெட்டிப் பெருசாக்கறதுதான்.

நிக்கறதுக்கு முன்னாடி பாருங்க

போனதும் கேமராவை எடுக்காதீங்க. இருபது நிமிஷம் சும்மா உக்காந்து கடலைப் பாருங்க. பிசிக்ஸ் லேப்ல ரெண்டு ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டினா சத்தம் ஏறி ஏறி இறங்குமே, 'பீட்ஸ்'னு ரெக்கார்டு நோட்டுல எழுதினோமே... கடலும் அதையேதான் பண்ணுது. கொஞ்சம் வித்தியாசமான அலை வரிசைகள் ஒண்ணா சேரும்போது, சின்ன அலையா கொஞ்ச நேரம் வரும், திடீர்னு நாலஞ்சு பெரிய அலை கூட்டமா வரும். அதனால, 'இங்க வரைக்கும்தான் தண்ணி வருது'னு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு முடிவு பண்ணவே கூடாது. பெரியவர் சொன்னதுதான் அளவுகோல். பாறை எதுவரைக்கும் நனைஞ்சிருக்கோ, அதுவரைக்கும் கடல்.

சில நாள் அதுவும் பத்தாது. இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில எங்கயோ புயல் அடிக்கும். அந்த அலை நாள்கணக்கா பயணம் பண்ணி நம்ம கரைக்கு வரும். இங்க காத்தே இருக்காது, வானம் பளிச்சுனு இருக்கும், ஆனா கடல் உள்ள ஏறி வரும். திருடன் மாதிரி வர்றதால 'கள்ளக்கடல்'னு பேரு. 2024 மே 6-ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலையில போயிட்டாங்க. நம்ம வயசுக்காரங்க. அந்த நாட்கள்ல கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. இன்காய்ஸ்னு சொல்ற தேசியக் கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுது. கிளம்பறதுக்கு முன்னாடி கேமரா பேட்டரி பார்க்கறோம்ல, அதோட இதையும் பாருங்க.

கதவுல நின்ன மனுஷன்

இப்ப ஒரு படத்தைப் பத்திச் சொல்றேன். கண்டிப்பா எங்கயாவது போஸ்டரா பார்த்திருப்பீங்க. நடுக்கடல்ல ஒரு கலங்கரை விளக்கம். பின்னாடியில இருந்து ராட்சச அலை ஒண்ணு அதைச் சுத்தி வளைச்சு எழும்புது. கீழ கதவுல ஒரு மனுஷன் நின்னுக்கிட்டு இருக்கார். அவருக்குப் பின்னாடி என்ன வருதுனே தெரியாம!

அது பிரான்ஸ்ல, பிரிட்டனி கரைக்கு அப்பால உஷான்ட் தீவுக்கிட்ட இருக்கற 'லா ழுமான்' விளக்கம். பொத்ரோன்ங்கறவர் உயில்ல எழுதி வெச்ச பணத்துல 1904-ல ஆரம்பிச்சு 1911-ல கட்டி முடிச்சது. உயரம் சுமார் 47 மீட்டர். 1989 டிசம்பர் 21-ம் தேதி புயல்ல, ழான் கிஷார்ங்கற போட்டோகிராபர் ஹெலிகாப்டர்ல போய் எடுத்த படம் அது.

அந்த மனுஷன் பேரு தியோடோர் மல்கோர்ன். விளக்கத்தோட காவலாளி. அவ்வளவு புயல்ல அவர் ஏன் கதவைத் திறந்தார் தெரியுமா? ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சு. தன்னைக் காப்பாத்த வந்திருக்காங்கனு நினைச்சு வெளிய வந்தார். வந்தது மீட்புக் குழு இல்லை, கேமரா. நல்லவேளை, சுதாரிச்சு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டார். உயிர் தப்பிட்டார். 1991-ல அந்த விளக்கம் ஆட்டோமேட்டிக் ஆயிடுச்சு, இப்ப உள்ள யாரும் இல்லை.

இந்தக் கதையை முதல்ல படிச்சப்ப, 'என்ன லக்குப்பா அந்த போட்டோகிராபருக்கு!'னுதான் தோணுச்சு. நிஜமா சொல்றேன், அதைத் தவிர வேற எதுவும் தோணலை.

போன ஜூன்ல...

சீனியர் அக்காவோட 70-300-ஐ மாட்டிக்கிட்டு மறுபடி முட்டம் போனேன். இந்த முறை சமர்த்தா, நானூறு மீட்டர் தள்ளி, காஞ்ச மேட்டுல நின்னேன். கண்ணை வ்யூஃபைண்டர்ல வெச்சா, அதே கறுப்புப் பாறை. அது மேல ரெண்டு பசங்க. ஒருத்தன் கடலுக்கு முதுகைக் காட்டி போஸ் கொடுக்கறான், இன்னொருத்தன் செல்போன்ல எடுக்கறான். மேல கலங்கரை விளக்கம், கீழ ரெண்டு குட்டி உருவம். பின்னாடி ஒரு அலை எழும்புது. நான் ரெண்டு வருஷமா தேடிக்கிட்டு இருந்த படம்!

அமுக்கினேன். விரலை எடுக்கலை. ரெண்டு செகண்ட்ல ஒன்பது படம். கடைசி மூணு படத்துல பசங்களே இல்லை, வெறும் வெள்ளை நுரை. அந்த வெள்ளையையும் நான் படம் எடுத்திருக்கேன்!

நுரை இறங்கினதும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்பதான் எனக்கு முழங்கால் ஞாபகம் வந்தது. கேமராவை விட்டுட்டு ஓடினேன். நானூறு மீட்டர்ல இருந்து கத்தினா அலை சத்தத்துல எதுவும் கேக்காது. வழியில வலைக்கிட்ட உக்காந்திருந்த ஒரு அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் விரலை வாயில வெச்சு ஒரு விசில் அடிச்சார் பாருங்க, ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்து மேல ஏறிட்டாங்க.

நான் மூச்சு வாங்கிக்கிட்டுப் போய் நின்னா, ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, அங்க இருந்து எங்களை எடுத்தீங்கள்ல? வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணா!"

"சரியா வரலைப்பா"னு பொய் சொன்னேன்.

கத்தினா கேட்டிருக்காதுங்கறது உண்மை. ஆனா அந்த ரெண்டு செகண்ட், கத்தணும்னு எனக்குத் தோணவே இல்லைங்கறதும் உண்மை. டெலி லென்ஸ்ல பார்க்கும்போது எல்லாம் சினிமா மாதிரி இருக்கு. சத்தம் இல்லை, சாரல் இல்லை, நமக்கு ஒண்ணும் ஆகாது. எதிர்ல இருக்கறவனுக்கும் ஒண்ணும் ஆகாதுனு ஒரு நினைப்பு தானா வந்துடுது.

அதனால இப்ப எனக்கு ரெண்டு பழக்கம். ஒண்ணு, அளவு காட்டறதுக்காக யாரையும் பாறையில போய் நிக்கச் சொல்ல மாட்டேன். ரெண்டு, வ்யூஃபைண்டர்ல மனுஷங்க யாராவது நனைஞ்ச பாறையில தெரிஞ்சா, முதல்ல ஆளை அனுப்பிட்டுத்தான் ஷட்டர். கழுத்துல ஐடி கார்டு கயித்துல ஒரு விசிலும் தொங்குது. இருபது ரூபாதான். 'பி.டி. மாஸ்டர்'னு கிளாஸ்ல ஓட்டறாங்க, ஓட்டட்டும்.

இந்தப் பக்கத்துக்கு அந்தப் படத்தைக் கேட்டாங்க. கொடுக்கலை. பதிலா நீங்க பார்க்கறது அதே நாள், அதே இடம், அரை மணி நேரம் கழிச்சு எடுத்தது. பாறையில யாரும் இல்லை. அலை கொஞ்சம் சின்னதுதான்.

அடுத்த வாரம்: மொட்டை மாடி, பௌர்ணமி நிலா, அதே 300 மி.மீ. யார்கிட்டயாவது ட்ரைபாட் கடன் சொல்லி வைங்க. பார்க்கலாம்!